எழுதினவர் வரட்டும்

அவள் இன்னும் தேதியைத் தாண்டவில்லை. தாளின் வலது மூலையில் இடம், நாள் என்று எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கி அதன் முனையைப் பார்க்கிறாள். பால்பாயிண்ட் பேனாவின் முனையில் பார்க்க என்ன இருக்கிறது. இருந்தாலும் பார்க்கிறாள். கம்பி நுனியைப் பார்த்துப் பழகிய கண்ணாக இருக்கும். இருபத்து நான்கு வருடம் பம்ப் மோட்டார்களுக்குள் செப்புக்கம்பி கோத்துச் சுற்றியவள், பெயர் துளசிமணி, வயது நாற்பத்தேழு, படிப்பு எட்டாம் வகுப்பு, கணவர் இல்லை, ஒரே மகள். இவ்வளவும் எனக்குப் போன வாரமே தெரியும், ஏனென்றால் இப்போது இவள் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும் ராஜினாமாக் கடிதத்தை எழுதியவன் நான், கம்பெனியின் வக்கீல். தொழிற்சாலையின் பணியாளர் அதிகாரி நவநீதன் விவரங்களைப் போனில் சொன்னான், நான் குறித்துக்கொண்டேன், ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். என் வேலை எப்போதும் அதோடு முடிந்துவிடும். கடிதம் இங்கே வரும், யாரோ ஒருவர் அதைப் பார்த்துத் தம் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, வெளிவாசல் வழியாகப் போவார். அந்த யாரோ ஒருவரை நான் பார்த்ததில்லை. இந்த அறையையும் பார்த்ததில்லை. இன்று காலையில் நவநீதன் கூப்பிட்டு, "சார், ஒரு சின்னச் சிக்கல், அந்த அக்கா எழுத மாட்டேங்குது" என்றான். ஏன் என்றேன். "எழுதினவரு வரட்டும்ங்குது சார். இது நான் எழுதினதுமில்ல, நீ எழுதினதுமில்ல தம்பி, யாரு எழுதினாங்களோ அவரு வந்து எதுக்க உக்காந்து படிச்சுக் காட்டட்டும், அதுக்கப்பறம் எழுதறேன்னு ஒரே பிடிவாதம்." சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். முப்பது வருடத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் எழுதினால் மற்ற பத்துப் பெண்களும் எழுதிவிடுவார்கள், அவள் எழுதாவிட்டால் ஒருத்தியும் எழுத மாட்டாள் என்று நவநீதன் சொன்னதால்தான் வந்தேன் என்று காரில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எதுக்க உக்காந்து என்ற அந்தச் சொல் காலையிலிருந்து காதில் கிடந்தது.

தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. வந்ததிலிருந்தே கேட்கிறது. முதலில் மழை என்று நினைத்து, கார்க் கண்ணாடியை ஏற்றினேனா என்று யோசித்தேன். மழை இல்லை, ஆடிக்காற்று மட்டும் பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்து ஜன்னல் கதவைத் தட்டிவிட்டுப் போகிறது. அடுத்த கொட்டகையில் பம்புகளைச் சோதிக்கும் தொட்டி இருக்கிறதாம். ஒவ்வொரு பம்பாக உள்ளே இறக்கி ஓட்டுவார்கள், அது தண்ணீரை இழுத்து மேலே கொண்டுபோய் அதே தொட்டியில் கொட்டும். நாள் முழுக்க அதே தண்ணீர். ஏறி, விழுந்து, ஏறி. சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குக் கொஞ்ச நாளாக இப்படி ஆகிவிடுகிறது. சர்க்கரை என்கிறார் டாக்டர். கண் திறந்தேதான் இருக்கும், எதிரில் இருப்பவர் பேசுவது கேட்கும், ஆனால் நான் தொட்டியின் அடியில் உட்கார்ந்து மேலே பார்ப்பதுபோல எல்லாம் கொஞ்சம் நெளியும். இப்போது மேசை நெளிகிறது. அதன்மேல் இரண்டு டீ டம்ளர்கள், என் டைப் செய்த தாள், நவநீதன் வைத்துவிட்டுப் போன நாலைந்து வெள்ளைத்தாள்கள். அவற்றின்மேல் குனிந்த அவள் தலை, வகிடு, வகிட்டில் நரை. வார்னிஷ் வாசனை அவள் மேலிருந்து வருகிறது, கம்பிச் சுருளுக்குப் பூசும் வார்னிஷ், இனிப்பும் கசப்பும் சேர்ந்த ஒரு வாசனை. குளித்தாலும் போகாது என்று நினைக்கிறேன். நான் படித்துக் காட்டியபோது கண்ணை மூடிக் கேட்டாள். முழுவதும் கேட்டுவிட்டு, "சேரிங்க" என்று மட்டும் சொன்னாள். உடனே நவநீதன் எழுந்து, "நீங்க நிதானமா எழுதுங்கக்கா, நான் வெளிய இருக்கேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனான். அதுவும் என் யோசனைதான். எழுதும்போது நிர்வாகத்தைச் சேர்ந்த யாரும் அறையில் இருக்கக்கூடாது, நாளைக்கு மிரட்டி எழுதி வாங்கினார்கள் என்ற பேச்சே வரக்கூடாது. அப்படியானால் நான் யார்? நிர்வாகத்தைச் சேர்ந்தவன் இல்லையா? சேர்ந்தவன்தான். ஆனால் எழுந்து போக முடியவில்லை, ஏனென்றால் நான் எதிரில் உட்கார வேண்டும் என்பதுதான் அவள் போட்ட நிபந்தனை.

"பெறுநர்" என்று எழுதிவிட்டாள். அடியில் ஒரு கோடு போடுகிறாள், பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி. தானாகவே சுருள் சுற்றும் இயந்திரம் வருகிறது, வெளிநாட்டிலிருந்து, பதினொரு பெண்கள் வேண்டாம். வேண்டாம் என்று நேராகச் சொன்னால் அதற்குப் பெயர் ஆட்குறைப்பு. ஆட்குறைப்பு என்றால் நோட்டீஸ், காரணம், சங்கம், அதிகாரி, வழக்கு. ராஜினாமா என்றால் ஒரு தாள் போதும். இதை எத்தனை முதலாளிகளுக்குச் சொல்லியிருப்பேன், என் மேசைக்கு முன்னால் இருக்கும் அந்த மெத்தை நாற்காலியில் காலையில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு. காலையில் நிர்வாகங்கள், மாலையில் தொழிலாளர்கள், அப்படித்தான் என் ஆபீஸ். ஒரே நாற்காலி. காலையில் அதில் உட்காருகிறவரிடம், எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், வாய்ப்பேச்சோடு இருக்கட்டும் என்பேன். மாலையில் அதே நாற்காலியில் உட்காருகிறவரிடம், வாயால் சொன்னதை நம்பாதீர்கள், எழுதி வாங்குங்கள், வாங்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்பேன். இரண்டும் சரியான ஆலோசனைதான். சட்டப்படி இரண்டிலும் பிழையில்லை. ஒரே நிர்வாகத்துக்கும் அதே நிர்வாகத்தின் தொழிலாளிக்கும் ஒருநாளும் சொன்னதில்லை, அந்த எல்லையைத் தாண்டியதில்லை, இதை யாரிடமும் நெஞ்சைத் தொட்டுச் சொல்வேன். இருந்தாலும் நாற்காலியை மாற்றியிருக்கலாமோ. இரண்டு நாற்காலி வாங்க வசதி இல்லையா. சில சமயம் மாலையில் வருகிறவர் உட்காரும்போது மெத்தை இன்னும் சூடாக இருக்குமோ என்று தோன்றும். மத்தியானம் முழுக்க ஆறியிருக்கும், எப்படிச் சூடாக இருக்கும்.

இதில் எனக்கு ஒரு கர்வமும் உண்டு. மற்ற வக்கீல்கள் எழுதிக் கொடுக்கும் ராஜினாமாவைப் பார்த்தால் கோர்ட்டில் சிரிப்பார்கள், ஐந்தாவது படித்தவர் "மேற்கண்ட காரணங்களை முன்னிட்டு" என்று எழுதியிருப்பார். நான் கேட்டுக்கொள்வேன். என்ன படிப்பு, எந்த ஊர், அம்மா இருக்கிறாரா, முழங்கால் வலி உண்டா. பிறகு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த ஆளாக இருந்து பார்ப்பேன். கால் வலிக்கும். பஸ் கிடைக்காது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆளிருக்காது. அப்புறம் எழுதுவேன், சின்னச் சின்ன வாக்கியமாக. முந்நூறு இருக்குமா. முந்நூறுக்கு மேலேயே இருக்கும். முந்நூறு தடவை இடுப்பு வலியிலும் மாமியார் நோயிலும் மகனின் படிப்பிலும் வேலையை விட்டவன் நான், என் வேலையைத் தவிர. ஒரு கனவு வரும். நீளமான வராந்தா, இரண்டு பக்கமும் மேசைகள், மேசைக்கு ஒருவராகக் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள், நான் நடுவில் மெதுவாக நடந்துபோவேன். யாரும் நிமிர மாட்டார்கள். ஒருவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பேன், கையெழுத்து என்னுடையதாக இருக்கும். அடுத்தவரைப் பார்ப்பேன், அதுவும் என்னுடையது. பயப்பட ஒன்றுமில்லாத கனவு. காலையில் எழுந்தால் நாக்கு மட்டும் வறண்டிருக்கும்.

"ஏனுங் சார்." நிமிர்ந்துவிட்டாள். பேனா ஒரு சொல்லின்மேல் நிற்கிறது. "இந்த மனப்பூர்வமாகங்கறது யாரு பேசற பேச்சுங்க?" நான் முழித்திருக்க வேண்டும். அவளே சொன்னாள். "இல்லீங்க, மத்ததெல்லாம் அப்பிடியே நான் பேசற மாதிரியே இருக்குது. கால் கடுக்குது, நின்னு வேலை பாக்க முடியறதில்லன்னு எழுதியிருக்கறீங்க. படிக்கறப்ப எனக்கே கால் கடுத்துப் போச்சு. நாங்க உக்காந்துதானுங்க கம்பி சுத்தறோம். இருந்தாலும் நல்லாத்தான் இருக்குது. இந்த ஒண்ணுதான் ஒட்டல. எஞ் சென்மத்துல நான் மனப்பூர்வமாகன்னு சொன்னதில்லீங்க." நான், அப்போ எப்படிச் சொல்வீங்க என்று கேட்டேன், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு, அடுத்த முறைக்கு உதவும் என்று என் புத்தி உள்ளே குறித்துக்கொள்வதை நானே பார்த்தபடி. "இஷ்டப்பட்டுன்னு சொல்லுவோமுங்க." "சரி, அப்படியே போட்டுக்குங்கம்மா." "இஷ்டப்பட்டாப் போறேன்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உப்புப் போட்டாச்சா என்று கேட்பதுபோலக் கேட்டாள். பிறகு குனிந்து, என் சொல்லையே, ம-ன-ப்-பூ என்று ஒவ்வொரு எழுத்தாக எழுத ஆரம்பித்தாள், பூவுக்குச் சுழி போடும்போது உதட்டையும் சேர்த்துச் சுழித்துக்கொண்டு.

உட்கார்ந்துதான் வேலை. நவநீதன் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. இருபத்து நான்கு வருடம் உட்கார்ந்திருந்தவளை நிற்க வைத்துவிட்டேன். மாற்றச் சொல்ல வேண்டும். சொன்னால் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். இந்த வேகத்தில் இன்னொரு தாள் என்றால் நாலு மணியாகிவிடும். அவள் உதட்டைச் சுழித்தது எங்கேயோ பார்த்தது. எங்கே. யாரும் என் எதிரில் உட்கார்ந்து எழுதியதில்லை என்று இவ்வளவு நேரமும் நினைத்துக்கொண்டிருந்தேன், அது பொய். ஒருத்தி எழுதியிருக்கிறாள். சாப்பாட்டு மேசை, அதன்மேல் பச்சை ரெக்ஸின், கடிதத்துக்குக் கீழே விரித்த செய்தித்தாள், என் மனைவி சுகந்தி. என் அம்மா பக்கவாதத்தில் விழுந்த வருடம். சுகந்தி அப்போது பெண்கள் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை, ஒன்பது வருட வேலை. அம்மாவைப் பார்க்க ஆள் வேண்டும். யாராவது ஒருவர் வேலையை விட வேண்டும் என்று நான் சொன்னேன். யாராவது ஒருவர். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் யாராவது ஒருவர் என்று நான் சொன்ன அந்தக் குரல் இப்போதும் எனக்குக் கேட்கிறது, எவ்வளவு நியாயமான குரல். அவள் கடிதம் எழுதத் தெரியவில்லை என்றாள். ஒன்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடக்குறிப்பு எழுதியவளுக்குக் கடிதம் எழுதத் தெரியாதா? அதை நான் அன்றைக்கு யோசிக்கவே இல்லை. எனக்குத் தெரிந்த வேலை என்று சந்தோஷமாக உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அவள் பார்த்து எழுதினாள். நடுவில் நிறுத்தி, "முழுமனதுடன்னு வேணுமா?" என்றாள். "அது வழக்கமா போடறதுதான்" என்றேன். உதட்டைச் சுழித்துக்கொண்டு எழுதினாள். குக்கர் மூன்றாவது விசில் அடித்தது, அவள் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டாள். அம்மா நாலு வருடத்தில் போய்ச் சேர்ந்தாள். பள்ளிக்கூடம் மறுபடி கூப்பிடவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இப்போதும் காலையில் காம்பவுண்டுச் சுவரோரம் களை பிடுங்கும்போது ஒவ்வொரு செடிக்கும் அதன் லத்தீன் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பிடுங்குகிறாள், வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல. நான் பேப்பரை விரித்துக்கொண்டு கேட்காத மாதிரி உட்கார்ந்திருப்பேன். ஒருநாளாவது கேட்டிருக்கலாம், எழுதத் தெரியாதுன்னு ஏன் சொன்னே என்று. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்றுதான்.

பம்பை மாற்றுகிறார்கள் போலிருக்கிறது, தண்ணீர் நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிகிறது. அறை திடீரென்று சின்னதாகிவிட்டது. மின்விசிறி, பேனா நகரும் சத்தம், கதவுக்கு வெளியே நவநீதன் போனில் யாரிடமோ சிரிப்பது. பேனா நின்றது. "சார், இதுல ஒண்ணு காணமுங்க." என்னம்மா என்றேன். அவள் என் தாளை எடுத்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டு கடைசிவரை போய், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். "என்ற புள்ளைக்கு ஆபீசுல வேலை குடுக்கறோமுன்னு சொன்னாங்களே. அது எங்கீங்க இருக்குது?" நான் தண்ணீர்ச் சத்தம் மறுபடி வராதா என்று பார்த்தேன். "இந்தத் தாளுக்கு நாஞ் சேரின்னு சொன்னதே அதுக்காகத்தானுங்க. நீ போ, உம் மக வரட்டும், டிகிரி படிச்ச புள்ள, ஸ்டோர்ல கணக்குப் பாக்கட்டும்னு நவநீதன் தம்பி சொல்லுச்சு. மொதலாளி பெரியவரும் தலையாட்டுனாரு. அந்தப் புள்ளைக்காகத்தான் நான் எந்திரிக்கறேன். இல்லாட்டி என்ற கைக்கு இன்னும் பத்து வருஷம் வேலை இருக்குது." தன் விரல்களை மேசைமேல் விரித்துக் காட்டினாள். நுனிகள் கறுத்து, நகத்தோரம் கம்பி அறுத்த பழைய கீறல்கள்.

அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நவநீதன் போனில் சொன்னான், கடிதத்திலேயே ஒரு வரி போட்டுடலாமா சார், மகளுக்கு வேலை தருவதாகச் சொன்னதால் விலகுகிறேன்னு, அந்த அக்கா சந்தோஷப்படும். வேண்டாம் என்றேன். ராஜினாமாவுக்கு நிபந்தனை இருந்தால் அது ராஜினாமா இல்லை. அது வாயோடு இருக்கட்டும். பிறகு, "அப்ப குடுக்கத் தேவையில்லீங்களா சார்?" என்றான். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம், நான் கடிதத்தைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன் என்றேன். இப்போது நினைத்தால் அந்தக் கேள்விக்கு முன்னால் வேலை கொடுக்கிற எண்ணம் அவர்களுக்கு இருந்தது, என் பதிலுக்குப் பிறகு இல்லாமல் போனது என்று தோன்றுகிறது. நிரூபிக்க முடியாது. குறுக்கு விசாரணையில் ஒரு நிமிடம் நிற்காது. வழி ஒன்று இருப்பதைக் காட்டினேன், அவ்வளவுதான், போகச் சொல்லவில்லை. யாராவது ஒருவர் என்று சொன்ன அதே குரல். எவ்வளவு நியாயமான குரல். இந்தக் குரல் எப்போது எனக்குள் வந்து உட்கார்ந்தது, என்றாவது எழுந்து போகுமா.

"அது நிர்வாகத்தோட முடிவும்மா, இந்தக் கடிதத்துல வராது" என்று சொன்னேன். வாய் தானாகச் சொன்னது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொட்டகையில் அடுத்த பம்பை இறக்கினார்கள், மோட்டார் கிளம்பி, தண்ணீர் ஏறி, விழ ஆரம்பித்தது, எனக்கு மறுபடி கண் நெளிந்தது. இனி இந்தச் சத்தத்துக்குள் இருந்துவிடலாம், அவள் குனிந்துவிடுவாள், இன்னும் நாலு வரி, கையெழுத்து, நவநீதன் வருவான், கார், ஆபீஸ், மெத்தை நாற்காலி.

"எங்க லைன் வீட்டுல பழனியப்பன்னு ஒருத்தரு இருக்காருங்க" என்றாள். "பஞ்சாலைக்காரரு. போன வருசம் அவரை நிறுத்துனப்ப உங்களத் தேடித்தான் வந்தாரு. நீங்க உள்ள நுழைஞ்சு பேரச் சொன்னதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நல்ல மனுசன், நெசத்தைச் சொல்லிப்போடுவாருன்னு அவரு ஊரெல்லாஞ் சொல்லீட்டுத் திரியறாரு." எனக்குப் பழனியப்பன் முகம் நினைவில்லை. "வாயில சொன்னத நம்பாதீங்க, எழுதி வாங்குங்கன்னு சொன்னீங்களாமா." சொல்லியிருப்பேன் என்றேன். "எத்தன மணிக்கு அவுங்களையெல்லாம் பாப்பீங்க?" "சாயங்காலம். ஆறு மணிக்கு மேல." அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். மூன்றாக ஐந்து நிமிடம். "நானும் ஆறு மணிக்கு வந்து இதே தாளக் காட்டுனா என்ன சொல்லுவீங்க?" "நீங்க வந்தா நான் பாக்க முடியாதும்மா. இந்தக் கம்பெனிக்கு நான் வக்கீல்." "சேரி, நான் வரல. பழனியப்பன் வர்றாரு. இதே தாளோட. என்ன சொல்லுவீங்க?"

பதினாறு வருடமாக இந்தக் கம்பெனி என் கட்சிக்காரர். கட்சிக்காரரின் ரகசியத்தை எதிர்த்தரப்பிடம் சொன்னவனுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், பார் கவுன்சிலில் அப்படிப்பட்ட ஒருவரை நானே ஒருமுறை நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன், அவர் வேட்டி நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தார். ஆனால் இவள் ரகசியம் கேட்கவில்லை. நான் தினமும் ஆறு மணிக்குச் சொல்வதைக் கேட்கிறாள். நான் யாருக்காக யோசிக்கிறேன். இவளுக்காகவா, எங்கோ ஒரு சாப்பாட்டு மேசைக்காகவா, அல்லது இன்று ராத்திரி நன்றாகத் தூங்க வேண்டும் என்றா. கடைசிக் காரணமாக இருந்தால் அது இவளுக்குச் செய்யும் இன்னொரு அநியாயம். காரணம் சுத்தமாகட்டும் என்று காத்திருந்தால் இவள் கையெழுத்துப் போட்டுவிடுவாள். பேனா ஏற்கெனவே தாளில்தான் இருக்கிறது. சுகந்தி கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை, உடனே சொன்னேன். இப்போது இவ்வளவு யோசிக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் மனிதர்கள் எப்படித்தான் சரியாக ஒரு நேரத்தில் வாயைத் திறக்கிறார்களோ.

"எழுதி வாங்காம கையெழுத்துப் போடாதீங்கன்னு சொல்லுவேன்" என்றேன்.

"போட்டா?"

"உங்க வேலை போயிரும். உங்க பொண்ணுக்கு வேலை தந்தாலும் தரலாம், தராமலும் போகலாம். தரலைன்னா கேக்க முடியாது."

அவள் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தாள். மூடி போட்டாள். அந்தச் சின்ன டக் சத்தம் தண்ணீரைத் தாண்டிக் கேட்டது. நன்றி சொல்லுவாள் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதை அவள் சொல்லாதபோதுதான் தெரிந்துகொண்டேன். ஒரு வெள்ளைத்தாளை உருவி என் பக்கம் தள்ளினாள், பேனாவை அதன்மேல் வைத்தாள். "அப்ப எழுதிக் குடுங்க."

"நான் எழுதினா கம்பெனியக் கட்டுப்படுத்தாதும்மா."

"உங்களக் கட்டுப்படுத்துமில்லீங்க?" என்றாள். "இவ்வளவு நேரம் நான் எழுதுனேன், நீங்க பாத்தீங்க. சித்த நேரம் நீங்க எழுதுங்க, நான் பாக்கறேன்."

என்ன எழுதுவது. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அந்த ஆளாக இருந்து பார்ப்பது என் வழக்கம். இப்போது எந்த ஆளாக இருப்பது. படிப்பு பி.ஏ., பி.எல்., வயது ஐம்பத்தாறு, ஊர் கோயம்புத்தூர், அம்மா இல்லை. தேதி எழுதினேன். கீழ்க்கண்ட என்று ஆரம்பித்து அடித்தேன். பிறகு சின்ன வாக்கியமாக வந்தது. துளசிமணி என்பவர் வேலையை விட்டால் அவர் மகளுக்கு வேலை தருவதாக நிர்வாகம் சொன்னது. இது எனக்குத் தெரியும். இதை ராஜினாமாக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்று ஆலோசனை சொன்னவன் நான். இவர் உட்கார்ந்து வேலை செய்பவர். நின்று வேலை செய்வதால் கால் வலிக்கிறது என்று எழுதியதும் நான். இவர் தம் இஷ்டப்படி வேலையை விடவில்லை. எழுதி முடித்தபோது வெளியே நவநீதன் போனில் "வெச்சுடறேன், வெச்சுடறேன்" என்பது கேட்டது. கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் திருப்பினேன். அவசரமே இல்லாமல் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் போனாள். இரண்டாவது வரிக்குத் திரும்ப வந்தாள்.

"மகளுக்குன்னு போட்டிருக்கறீங்க. பேரு போடலியே."

எனக்குத் தெரியாது. போன வாரம் கேட்கவில்லை, கடிதத்துக்குத் தேவைப்படவில்லை. "பேர் என்னம்மா?" என்றேன்.

"மௌனிகா."

மகளுக்கு என்பதன் மேலே, இரண்டு வரிக்கு நடுவில் இருந்த இடத்தில் மௌனிகா என்று எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டேன். அவள் அந்தத் தாளை நாலாக மடித்துச் சேலைமேல் போட்டிருந்த கம்பெனிக் கோட்டின் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். தான் எழுதியதை, ஒன்பது வரி, கையெழுத்தில்லாமல், மேசையிலேயே விட்டுவிட்டாள். "எதுக்கும் இன்னிக்குப் போயி சங்கத்துல பேசீட்டு வாரேனுங்க. மத்த புள்ளைகளும் கேட்டுட்டு நிக்கறாங்க" என்றாள். கதவருகே நின்று, "அரை மோட்டாரு சுத்தி வெச்சுட்டு வந்தேன், கம்பி தளந்துபோயிரும்" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வெளியே போனாள். வாசலில் நவநீதனுக்கு வழிவிட்டு ஒதுங்கியது தெரிந்தது. "என்னக்கா, ஆச்சா?" "சாரு இருக்காரு, கேட்டுக்க தம்பி."

நவநீதன் உள்ளே வந்து தாளை எடுத்தான். மேலிருந்து கீழே பார்த்தான். மறுபடி கீழிருந்து மேலே பார்த்தான். "கையெழுத்து இல்லியே சார்." இல்லை என்றேன். "ஏன் சார், என்ன சொல்லுச்சு?" தண்ணீர் ஏறி விழுந்துகொண்டிருந்தது. அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ள இன்னும் இடமிருந்தது, ஏதாவது ஒன்று சொல்லலாம், உடம்பு சரியில்லையாம், நாளைக்கு வருகிறாராம், என்னால் எவ்வளவோ சொல்ல முடியும். "அவங்க ஒண்ணும் சொல்லல நவநீதன். நான்தான் ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன்." அவன் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தயாரானான், பிறகு சிரிக்கவில்லை. "அதுல என்ன சார் எழுதினீங்க?" அவன் வைத்துவிட்டுப் போன வெள்ளைத்தாள்களில் இன்னும் மிச்சமிருந்தது. ஒன்றை என் பக்கம் இழுத்து, பேனாவின் மூடியைக் கழற்றினேன். "உட்காருங்க" என்றேன், எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டி. "உங்களுக்கும் அதையே எழுதித் தரேன்."